பூண்டுக்கு எது தலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் மென்பொருள் நிறுவன மேலாளராக இருந்தவர் வேலையை உதறிவிட்டுக் கொடைக்கானல் மலையில் பூண்டு பயிரிட வருவதாகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் நகைச்சுவைத் தொடர்கதையை வாரம் தவறாமல் படித்து வருகிறேன். வங்கியில் 19 ஆண்டுகள் வைப்புத்தொகை இலக்குகளைத் துரத்திவிட்டுப் பூம்பாறையில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தவன் நான். இரவு 11 மணிக்கு மேலதிகாரி தொலைபேசியில் அழைத்து, "தூங்கிட்டீங்களா?" என்று குழைவாக விசாரிக்கும் அத்தியாயத்தை என் மனைவியிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். (அவர் ஒரு முறைதான் சிரித்தார்.)

கதை மலையேறிய பிறகுதான் சறுக்குகிறது. நட்ட இரண்டாம் மாதமே அறுவடை, மறுநாளே கைநிறையப் பணம். இங்கே பூண்டு ஏறக்குறைய நான்கு மாதப் பயிர். பிடுங்கியதை இலைத்தாளோடு கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு, அடியில் புகை போட்டுப் பக்குவப்படுத்தினால்தான் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டின் காரமும் மணமும் பேசப்படும் அளவுக்கு, அந்தப் புகையில் கண் எரிய நிற்பவர்கள் பேசப்படுவதில்லை.

என் பெரிய வருத்தம், ஊர்க்காரர்களை வெள்ளந்திகளாக்கி, அவர்களுக்கு மேலாளர் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாக எழுதியிருப்பதுதான். நான் முதன்முதலில் நட்ட பாத்தியைக் களை வெட்ட வந்த பாட்டி ஒருவர், ஒரு பல்லைத் தோண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வேர் விடும் தட்டையான அடிப்பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது. "பூண்டுக்கு எது தல, எது காலுன்னு தெரியாம எதுக்கு சாமி மலையேறி வந்தீக?" என்று கேட்டுவிட்டு, மீதிப் பாத்தி முழுவதையும் அவரே திருப்பி நட்டார். அன்றைய கூலியை நான் கணக்கிட்டுக் கொடுத்தபோது, என் கணக்கு தவறு என்று சொல்லி, மிச்சத்தை எண்ணித் திருப்பியும் தந்தார். கதாசிரியர் தேடும் நகைச்சுவை இங்கே இருக்கிறது. சிரிக்கப்பட வேண்டியவன் நான்.

பூண்டு விவசாயத்தை 'எளிய வேலை' என்று கதாநாயகன் அத்தியாயத்துக்கு ஒருமுறை சொல்கிறார். கதை முடிவதற்குள் அவரை ஒருமுறை மூட்டையோடு தேனி மாவட்டத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு அனுப்பி, விலை சொல்லும் வியாபாரியின் முன்னால் நிற்க வைக்குமாறு கதாசிரியரிடம் தாங்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். அந்த அத்தியாயத்துக்குத் தகவல் தேவைப்பட்டால் தர நான் தயார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்.