ஓட்டு போடப் போற முன்னாடி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

எலெக்ஷன் வந்தா நம்ம ஸ்கூல்தான் பூத், உங்க பசங்க உட்கார்ற கிளாஸ்லதான் மெஷின் வைப்பாங்க, அதனாலயோ என்னவோ பிள்ளைங்கள கூட்டிட்டுப் போக வர்றப்ப நிறைய பேர் என்கிட்ட சந்தேகம் கேக்குறீங்க. கேளுங்க, தாராளமா கேளுங்க. யாருக்குப் போடணும்னு நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன், எப்படிப் போடணும்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல லிஸ்ட். வோட்டர் ஐடி கையில இருக்கு, அது போதும்னு நினைக்காதீங்க, வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தாதான் ஓட்டு. வாடகை வீடு மாறி வந்தவங்க, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவங்க கட்டாயம் பாத்துக்கோங்க. முகவரி மாத்த, திருத்த படிவம் 8, புதுசா சேர படிவம் 6. 1950க்கு போன் பண்ணியும் கேக்கலாம். வீட்ல 17 வயசு முடிஞ்ச அக்கா அண்ணன் இருந்தா இப்பவே முன்கூட்டி எழுதிப் போடலாம். எலெக்ஷன் தேதி அறிவிச்சப்புறம் ஓடினா டைம் ரொம்பக் கம்மி.

பேர் இருந்து கார்டு தொலைஞ்சிருந்தா பயப்படாதீங்க, ஆதார், பான் கார்டு, லைசென்ஸ், போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை இதுல ஒண்ணு போதும். பூத் ஸ்லிப்ப மட்டும் கொண்டு வந்தா ஒத்துக்க மாட்டாங்க.

உள்ள என்ன நடக்கும்னு தெரியாமதான் பல அம்மாக்கள் தயங்குறாங்கன்னு எனக்குத் தோணுது. ஒருத்தர் லிஸ்ட்ல உங்க பேரப் பாத்து சத்தமா வாசிப்பாரு, அடுத்தவர் இடது ஆள்காட்டி விரல்ல மை வெச்சு ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்குவாரு, எழுதத் தெரியலன்னா கைநாட்டு வைங்க, அதுல ஒரு குறைச்சலும் இல்ல, அதுவும் முழு ஓட்டுதான். அப்புறம் மறைப்புக்குள்ள நீங்க தனியா போறீங்க. சின்னத்துக்குப் பக்கத்துல இருக்குற நீல பட்டன அழுத்தினா சிவப்பு லைட் எரியும், பக்கத்துல விவிபேட்னு சீட்டு அடிக்கிற மெஷின் இருக்கும், அதோட கண்ணாடிக்குள்ள நீங்க போட்ட சின்னம் அச்சடிச்ச சீட்டு 7 செகண்ட் தெரியும், பீப் சத்தம் நல்லா நீளமா கேக்கும். அவசரப்பட்டு வெளிய வந்துடாதீங்க, நின்னு பாத்துட்டு வாங்க. யாருமே பிடிக்கலன்னா கடைசி பட்டன் நோட்டா.

"நாங்க யாருக்குப் போட்டோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமாமே சார்"னு ஒரு அம்மா ரொம்ப பயந்து கேட்டாங்க. தெரியாதும்மா. மெஷின்ல உங்க பேர் ஏறாது, அந்த சீட்டுலயும் வேட்பாளர் பேர், நம்பர், சின்னம் இதான் இருக்கும். வீட்டுக்காரரா இருந்தாலும் சரி, தெருவுல கவர் நீட்டுறவரா இருந்தாலும் சரி, மறைப்புக்குள்ள எட்டிப் பாக்க யாருக்கும் உரிமை இல்ல. ஓட்டுக்கு காசு குடுக்குறதும் குத்தம், வாங்குறதும் குத்தம், சாமி மேல சத்தியம் வாங்கிட்டாங்களேன்னு மனச அடகு வெக்காதீங்க.

கண்ணு தெரியாத, உடம்பு முடியாத தாத்தா பாட்டிக்குத் துணையா 18 வயசு முடிஞ்ச ஒருத்தர் போலாம், ஆனா அன்னைக்கு ஒருத்தருக்கு மட்டும்தான் துணை போக முடியும். 85 வயசு தாண்டினவங்க முன்கூட்டியே படிவம் 12டி குடுத்தா வீட்லயே ஓட்டு போடலாம்.

உங்க ஓட்ட வேற யாரோ போட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா தலைய தொங்கப்போட்டுட்டு திரும்பாதீங்க. பூத் தலைமை அலுவலர்கிட்ட டெண்டர் ஓட்டு கேளுங்க, நீங்கதான்னு உறுதியானா பேப்பர்ல ஓட்டு போட விடணும், அது சட்டம். முடியுற நேரத்துக்குள்ள வரிசைக்கு வந்துட்டா டோக்கன் குடுப்பாங்க, எவ்ளோ லேட் ஆனாலும் போட்டுட்டுதான் போகணும். வேலைக்குப் போறவங்களுக்கு அன்னைக்கு சம்பளத்தோட லீவு, முதலாளிகிட்ட தைரியமா கேளுங்க.

அடுத்த எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) மீட்டிங்குக்கு வர்றப்ப வீட்ல இருக்குற எல்லாரோட வோட்டர் கார்டையும் எடுத்துட்டு வாங்க. கம்ப்யூட்டர் ரூம்ல டீச்சர்ஸ் உட்கார்ந்து ஒவ்வொருத்தர் பேரும் லிஸ்ட்ல இருக்கான்னு பாத்து சொல்வாங்க, இல்லாதவங்களுக்கு அங்கயே ஃபார்ம் நிரப்பிடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்