அந்த இன்னொரு கல்லையும் பார்த்துவிட்டு வா

அம்மாடி,

ஃப்ளாரன்ஸிலிருந்து நீ அனுப்பிய மைக்கலாஞ்சலோ கல்லறைப் படம் கிடைத்தது. சாந்தா குரோசே தேவாலயத்தில் அத்தனை கூட்டத்திலும் ஒரு தலைகூடக் குறுக்கே வராமல் எடுத்திருக்கிறாய். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே அவருடைய மார்பளவுச் சிலை, கீழே பளிங்குப் பேழை, அதற்கு முன்னால் ஓவியம், சிற்பம், கட்டடக்கலை என்று மூன்று பெண்கள், துக்க வீட்டுத் திண்ணையில் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறவர்கள் மாதிரி.

அழகுதான். ஆனால் அதில் அவர் கைபட்ட சிலை ஒன்றுகூட இல்லை. அவர் வாழ்க்கையை எழுதிய ஓவியர் வசாரி போட்ட திட்டம், மூன்று சிற்பிகள் ஆளுக்கொரு பெண்ணாகச் செதுக்கினார்கள், முடிந்தது 1578-இல். மைக்கலாஞ்சலோ 1564 பிப்ரவரியிலேயே ரோமில் இறந்துபோய்விட்டார். தம்பி மகன்தான் உடலைச் சரக்கு மூட்டை போலக் கட்டி ரகசியமாகச் சொந்த ஊருக்கு அனுப்பிவைத்தான்.

போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்கு 1505-இல் ஒப்புக்கொண்டு 1545 வரை அல்லாடிய மனுஷன் அவர். அதற்கப்புறம், எழுபது வயசுக்கு மேல், தன் கல்லறைக்கென்று ஒரே கல்லில் நான்கு பேரைச் செதுக்க ஆரம்பித்தார்: உயிர்போன இயேசு, மரியாள், மகதலேனா, அவர்களுக்கு மேலே முக்காடு போட்ட நிக்கொதேமு, இயேசுவை அடக்கம் செய்ய உதவியவர். கெட்டிக் காகிதத்தில் தொப்பி செய்து, உச்சியில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டு ராத்திரியிலும் வேலை பார்த்தார் என்று வசாரி எழுதிவைத்திருக்கிறார். கல்லோ உளி பட்டால் பொறி பறக்கிற கல். கடைசியில் ஒருநாள் சுத்தியலை எடுத்து அவரே உடைத்துவிட்டார். சீடர் ஒருவர் துண்டுகளை ஒட்டவைத்தார், ஆனாலும் இயேசுவுக்கு இடது கால் இன்றைக்கும் இல்லை.

அது நீ இருக்கிற ஊரிலேயே, பெரிய குவிமாடத் தேவாலயத்துக்குப் பின்பக்கம் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டாயம் போ. நிக்கொதேமுவின் முகம் அவருடைய சொந்த முகம். கல்லறையில் நீ பார்த்தது அடுத்தவர் வடித்த முகம், இது அவரே தனக்கு வடித்தது. என்னைக் கேட்டால் அவருடைய கல்லறை இதுதான். மகதலேனா மட்டும் வழவழவென்று சின்னதாக, மற்றவர்களோடு சேராமல் நிற்பாள், அது சீடர் கைவேலை.

சரி, கிளம்புகிற அவசரத்தில் விட்டுவிடாதே. முகத்தில் உளித் தடம் தெரிகிற மாதிரி கிட்டே போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. டிக்கெட்டுக்குக் காசு பார்க்காதே, நான் போட்டுவிடுகிறேன்.

அப்பா