நெய்யில் ஏது ஏ2?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாட்டு மாட்டுப் பாலில் ஏ2 வகைப் புரதம் இருக்கிறது, அது உடம்புக்கு நல்லது என்று சொல்லி ‘ஏ2 நெய்’ என்ற பெயரில் நெய் விற்கிறார்கள். 2024 ஆகஸ்ட் 21 அன்று நீங்கள் வெளியிட்ட அறிவிப்பை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஏ1, ஏ2 என்பது பாலிலுள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தின் வேறுபாடு, பால் கொழுப்புப் பொருட்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது மக்களைத் தவறாக வழிநடத்தும் என்று அதில் நீங்களே சொன்னீர்கள். ஐந்தே நாளில், 26ஆம் தேதி, கலந்தாலோசிக்க வேண்டுமென்று திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள்.

நெய் உருக்குகிறவர்களைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் ஆலோசனை முடிந்திருக்கும். தயிரைக் கடைந்ததுமே பாலின் புரதத்தில் பெரும்பங்கு மோரோடு போய்விடுகிறது. திரளும் வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதம் வரை தண்ணீர். மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தில்தான் புரதம். அடுப்பில் வைத்தால் முதலில் சடசடவென்று தண்ணீர் வற்றும். சத்தம் அடங்கி, நுரை சிறுத்து, சூடு 110 டிகிரியைத் தாண்டும்போது அந்தப் புரதம் சுருண்டு, பொன்னிறமாகி அடியில் தங்கும். அதுதான் கசண்டு. முன்னாலேயே இறக்கினால் ஈரம் நின்று நெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். 120ஐத் தாண்டவிட்டால் கருகல் வாடை. பதம் பார்த்து, ஒரு கொத்து முருங்கை இலை போட்டு இறக்கி, துணியில் வடிகட்டுகிறோம். ஏ1 ஆனாலும் ஏ2 ஆனாலும் அந்தப் புரதம் துணியில் நின்றுவிடுகிறது. ஜாடிக்குள் போவது கொழுப்பு. நெய்யில் பால் கொழுப்பு 99.5 சதவீதமாவது இருக்க வேண்டும், ஈரம் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நீங்கள் வகுத்த தரம். இதில் புரதத்துக்கு இடம் எங்கே இருக்கிறது?

ஆனால் சென்னைக் கடைகளில் அந்த இரண்டு எழுத்துக்காகச் சாதா நெய்யைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். அதைக் கொடுப்பவர் யார்? ஆறு மாதக் குழந்தைக்குப் பருப்புசாதத்தில் அரை ஸ்பூன் விட நல்ல நெய் தேடும் தாய். ஏ2 இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆகாதோ என்ற பயத்தில், மளிகைப் பட்டியலில் வேறு எதையோ அடித்துவிட்டு அந்த ஜாடியை எடுக்கிறார். அந்தப் பயத்தை விற்பதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

நாட்டு மாட்டு நெய்க்குக் கூடுதல் விலை கேட்பதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. காங்கேயம் மாடு நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர்தான் கறக்கும். பசும்பாலில் ஒரு கிலோ நெய் எடுக்கச் சுமார் 25 லிட்டர் பால் வேண்டும். தயிராக்கிக் கடைந்தால் மோரில் கொஞ்சம் கொழுப்பும் போகும், வேலையும் கூடும், மணம் தனியாகத் தெரியும். அதைச் சொல்லி விற்கட்டும். எருமைப் பாலின் பீட்டா கேசினும் ஏ2 வகைதான். எருமை நெய்யை மட்டும் ஏன் பெரும்பாலும் அப்படிச் சொல்லி விற்பதில்லை?

கடலை எண்ணெயில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பெரிதாகப் போடுவதும் ஏ2 விற்கும் அதே வழிதான். எந்தத் தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் இருக்கிறது? 2018இல் விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்கும் விதிமுறை கொண்டுவந்தவர்கள் நீங்கள். அதை யாருக்காக எழுதினீர்கள்?

கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: நெய் ஜாடியில் ஏ2 என்று அச்சிட அனுமதிக்காதீர்கள். பாலுக்கான விவாதம் எத்தனை நாள் வேண்டுமானாலும் நடக்கட்டும். நெய்க்கு மட்டுமாவது ஆகஸ்ட் 21 அறிவிப்பை மறுபடி வெளியிடுங்கள். ஜாடியில் ஏ2 இருக்கும் இடத்தில் பசுவா எருமையா, கிரீமிலிருந்து எடுத்ததா தயிர் கடைந்து எடுத்ததா, உருக்கிய தேதி என்ன என்பதைத் தமிழிலும் அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெய் உருக்கும் தொழிலில் இருப்பவர்கள்,
சென்னை