ஃப்ரீசரில் இடம் தந்த அக்காவுக்கும், கூட நின்ற ஊராருக்கும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் மக்களுக்கு அன்பு வணக்கம்.

விமானிகள் தங்கள் பறப்புகளை எழுதிவைத்த லாக் புக்குகளில் கடைசியும் உலர்ந்துவிட்டது. சிவப்பு மை போகவில்லை. ஆடி மாசத்திலிருந்து இந்தச் சேதியை உங்களிடம் சொல்லத்தான் காத்திருந்தோம்.

தண்ணீர் வந்த கதை இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசகசாலை கீழறையில் அந்த ஏடுகள் இருந்த விமானப்படை அலமாரி பிழைத்தது யாரால் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஐஸ்கிரீம் ஏஜென்சி நடத்தும் அக்காவால்தான்.

நனைந்த தாள் நம் ஊர்ப் புழுக்கத்தில் 48 மணி நேரம் கிடந்தாலே பூசணம் பிடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் உலர்த்தி முடிக்க மழைக்காலத்தில் வழியே இல்லை. உறையவைத்துவிட்டால் பூசணமும் நிற்கும், மை ஓடுவதும் நிற்கும். அதற்கு மைனஸ் 18 டிகிரிக்குக் குறையாத குளிர் வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு போதாது. அக்காவிடம் போய்க் கேட்டபோது, "நோட்டுன்னா என்ன, ஐஸ்கிரீம்னா என்ன, குளிர் ஒண்ணுதானே, கொண்டாங்க" என்றார். அந்த நிமிஷமே ஒரு பெரிய ஃப்ரீசரிலிருந்த சரக்கை வேறு பெட்டிகளுக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

ஓணமும் ஆவணி முகூர்த்தங்களும் வரிசையாக வரும் நேரம் அது. அவர் தொழிலில் ஒரு ஃப்ரீசர் என்றால் அந்த மாசத்து வருமானத்தில் கணிசமான பங்கு. ஒருதடவைகூடப் பெட்டியைத் திரும்பக் கேட்கவில்லை. கரண்ட் பில்லுக்குக் கொடுத்த பணத்தையும் வாங்கவில்லை.

இடம் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை, தன் தொழிலறிவையும் கொடுத்தார். எல்லா நோட்டையும் ஒரேயடியாக அடுக்கினால் கம்ப்ரசர் மூச்சு வாங்கும், உள்ளே குளிர் குறைந்துவிடும், எல்லாமே மெதுவாக உறையும் என்று தடுத்தார். மெதுவாக உறைந்தால் பனிக்கட்டி பெரிது பெரிதாக வளர்ந்து தாளின் நாரைப் பிளக்கும். அதனால் குளிர்க்குழாய் ஓடும் சுவரோரமாக முதலில் கொஞ்சம், அவை கல்லானதும் அடுத்த அடுக்கு. மிச்சமிருந்த இடைவெளியில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைத்தார். நிறைந்த பெட்டி, மூடியைத் திறக்காவிட்டால், கரண்ட் போனாலும் இரண்டு நாள் வரை தாங்கும். பாதி நிறைந்தது ஒரு நாள்தான். ஒருமுறை உருகி மறுபடி உறைந்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண், மை மறுபடி நகரும். மூடிமேல் தமிழிலும் மலையாளத்திலும் "திறக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டியதும் அவரே. அந்தத் தாளை நாங்கள் எடுத்து வைத்திருக்கிறோம். அதுவும் இனி அலமாரியின் சொத்து.

சிவப்பு மைக்காக ஏன் இவ்வளவு பதற்றம் என்று சிலர் கேட்டார்கள். விமானியின் லாக் புக்கில் தேதி, விமான வகை, எண், உடன் பறந்தவர், பணி, நேரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பகல் பறப்பு நீலக்கறுப்பு மையில். இரவுப் பறப்பு சிவப்பில். பழைய நீலக்கறுப்பு மையில் இரும்பு உண்டு, நாளாக ஆகத் தாளோடு பிடித்துக்கொள்ளும், நனைந்தாலும் பெரும்பாலும் நிற்கும். சிவப்பு வெறும் சாயம், ஈரம் பட்டதும் கிளம்பிவிடும். சேற்றைக் கழுவ வேண்டாம் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றதும் இதனால்தான். காய்ந்த சேற்றை மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். கழுவிப்போன மையைத் திரும்ப எழுத முடியாது.

1971 டிசம்பர் 14 அன்று ஶ்ரீநகர் வானில் நேட் போர் விமானத்தில் போரிட்டு வீழ்ந்த நிர்மல் ஜித் சிங் செகோனை நாடே அறியும். அவருடைய படைப்பிரிவான 18ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே மாதம், வாளையாறு தாண்டினால் வரும் சூலூரில், தேஜஸ் விமானங்களோடு மீண்டும் தொடங்கியதும் நமக்கெல்லாம் பெருமை. நம் அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் சரக்கு விமானம் ஓட்டியவர்களின் ஏடுகள். 1947 அக்டோபர் 27 அன்று ஶ்ரீநகரில் துருப்புகளை இறக்கியவை டகோட்டாக்கள். 1962 ஜூலையில் லடாக்கில் 16,000 அடிக்கும் மேலே தவுலத் பெக் ஓல்டியில் இறங்கிக் காட்டியது பேக்கெட் என்ற சரக்கு விமானம். மெல்லிய காற்றில் அதன் இரண்டு பிஸ்டன் எஞ்சினும் திணறும் என்று முதுகில் ஓர் ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சினையும் ஏற்றினார்கள். நேட்டுக்கு உந்துவிசை தந்த அதே ஆர்ஃபியஸ். 1971 போரில் ஆன்-12 சரக்கு விமானங்களையே குண்டுவீச்சுக்கு மாற்றி, இரவில் பாகிஸ்தானின் சங்கா மங்கா காட்டு வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கினார்கள். இப்படிப் பறந்தவர்களில் பதக்கம் பெற்றவர்கள் சிலரே. மற்றவர்கள் எந்த ராத்திரி எங்கே போனார்கள் என்பதற்கு வீட்டாரிடம் இருக்கும் சாட்சி அந்தச் சிவப்பு வரிதான். அதைத்தான் அக்கா ஐந்து மாசம் காத்துக் கொடுத்தார்.

உலர்த்தக் கைகொடுத்தது மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து அடிக்கும் வறண்ட காற்று. ஒரு நேரத்தில் ஓர் ஏடு மட்டும் வெளியே. உருகியதும் நிமிர்த்தி நிறுத்தி, பக்கங்களை விசிறி போல லேசாகப் பிரித்து, இடையிடையே ஒற்றுத்தாள். ஒற்றுத்தாளின் மொத்தத் தடிமன் ஏட்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முதுகுத் தையல் விட்டுப்போகும். மின்விசிறி சுவரைப் பார்த்து ஓட வேண்டும், ஏட்டைப் பார்த்தல்ல. வெயிலில் வைக்கவே கூடாது; அட்டை வளையும், மை வெளிறும். தாளைக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கும்போது சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

தக்காளி கிரேட்டுகளைக் கணக்குப் பார்க்காமல் தந்த மண்டிக்காரர்கள், சுருள் சுருளாகப் பட்டர் பேப்பர் கொடுத்த பேக்கரி, நோட்டுகளைத் திறக்காமல், அமுக்காமல், முதுகு கீழே இருக்கும்படி அடுக்கித் தூக்கிவந்த கல்லூரிப் பிள்ளைகள், கோயம்புத்தூரிலிருந்து ஒற்றுத்தாள் வாங்கிவந்த தம்பிகள், கம்பம் கம்பமாக ஏறிய லைன்மேன் சேட்டன்மார், அத்தனை பேருக்கும் நன்றி. சேற்றில் கிடந்த உயரமானியைக் கழற்றாமல் அப்படியே எங்களிடம் ஒப்படைத்த பெரியவருக்குத் தனி நன்றி. போர்க்கால விமானக் கருவிகளின் முகப்புகளில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த சாயம் பூசியிருப்பார்கள். கண்ணாடியைத் திறந்து சுரண்டினால் அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போகும். அவர் கை வைக்காதது எல்லோருக்கும் நல்லது.

அடுத்த மழைக்கு முன் அலமாரி மாடிக்குப் போகிறது. ஒவ்வோர் ஏட்டையும் மேலிருந்து படமெடுத்து, ஒரு படி குடும்பத்தாருக்கு, ஒரு படி இங்கே. பட்டர் பேப்பரும் கிரேட்டும் இனி எப்போதும் கையிருப்பில் இருக்கும். இதைச் செய்தே தீருவோம்.

ஒட்டிக்கொண்ட பழைய புகைப்படங்கள் இன்னும் வீட்டில் இருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவைத்துத்தான் பிரிக்க முடியும். அதுவும் எல்லாப் படத்துக்கும் ஒத்துவராது. உள்ளபடியே ஓர் உறையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசகசாலைக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

நன்றியுடன்,
விமானப்படை அலமாரியைப் பார்த்துக்கொள்பவர்கள்