எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், முதல் உலகப் போரில் சென்னை மீது குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றிய கட்டுரை படித்தேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தது, உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு இருப்பது எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். படத்தில்தான் கோளாறு. உங்கள் ஓவியர் கப்பலுக்கு நாலு புகைபோக்கி வைத்துவிட்டார். மூன்றுதான் உண்டு.

இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், அந்தக் கப்பல் எங்கள் வீட்டு பீரோ மேல் இருக்கிறது. முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். நிஜ எம்டனின் நூற்றில் ஒரு பங்காக, ரிமோட்டில் ஓடும்படி, இரண்டரை வருஷம் உட்கார்ந்து கட்டினேன். நிஜக் கப்பல் 118 மீட்டர் நீளம். என்னுடையது 118 சென்டிமீட்டர். பிளைவுட்டில் விலா எலும்பு மாதிரி சட்டங்கள் அறுத்து, மேலே பால்சா என்ற லேசான மரப் பட்டைகளை ஒட்டி, அதன்மேல் ஃபைபர் பூசினேன். ஃபைபர் வேலையைக் காசிமேட்டில் படகு ரிப்பேர் செய்யும் ஒரு தம்பிதான் கற்றுக்கொடுத்தார். மே மாதம் மத்தியானத்தில் கலக்கினால், ஃபைபரை இறுக்கும் ரெசின் என்ற பிசின் மக்கிலேயே கட்டியாகிவிடும். இரண்டு மக் வீணான பிறகு விடியற்காலை வேலைக்கு மாறினேன். பத்து பீரங்கிகளின் குழாய்க்கும் பழைய குடைக்கம்பி.

எடை விஷயத்தில்தான் படாத பாடு. நிஜ எம்டன் 3,664 டன். நீளம், அகலம், ஆழம் மூன்றும் நூற்றில் ஒன்றானால் எடை பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடும். ஆக, என் கப்பல் 3 கிலோ 664 கிராம் இருக்க வேண்டும். கூடினால் தண்ணீர் மட்டம் காட்டும் சிவப்புக் கோடு முழுகும், குறைந்தால் தக்கை மாதிரி ஆடும். பேட்டரி மட்டுமே முக்கால் கிலோ. மளிகைக்கடைத் தராசில் வைத்து ஐந்து ஐந்து கிராமாக ஈயத் துண்டு சேர்த்தேன். மொத்த எடை சரியாக வந்துவிட்டது என்ற தெம்பில், பேத்தியின் காற்றடைத்த நீச்சல் தொட்டியில் மிதக்க விட்டால், கைவிட்ட மறுநிமிஷம் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. எடை சரிதான், ஆனால் அது இருக்கும் இடம் தப்பு. லேத்காரன் புத்தி, இரண்டு பாய்மரக் கம்பத்தையும் பித்தளையில் கடைந்து வைத்திருந்தேன். அதைப் பிடுங்கிவிட்டு மூங்கில் சீவி நட்டேன். மிச்சமான எடைக்கு ஈயத்தை அடித்தட்டில் ஒட்டினேன். அப்புறம் நிமிர்ந்து நின்றது.

புகைபோக்கிக்கு வருகிறேன். வயர் போகும் பிளாஸ்டிக் குழாயில் மூன்று துண்டு. ரிமோட் அலை தண்ணீருக்குள் சரியாகப் போகாது என்பதால் கப்பலுக்குள் அலையை வாங்கும் ரிசீவரின் ஒயரை நடுக் குழாய்க்குள் உயர ஏற்றி விட்டிருக்கிறேன். பொன்னேரிப் பக்கம் மச்சான் ஊர் ஏரியில் ஓட்டியபோது, கரையில் நான் நடக்கிற வேகத்துக்குக் கூடவே வந்தது. கணக்கும் அதுதான். நீளம் நூறில் ஒன்றானால் வேகம் பத்தில் ஒன்று என்பது கப்பல் கட்டுகிறவர்களின் விதி. தாமரைக்கொடி கப்பலைத் தள்ளும் விசிறியில் சுற்றியதால் அன்றைய யுத்தம் கால் மணி நேரத்தில் முடிந்தது.

உங்கள் ஓவியரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. நாலாவது புகைபோக்கி என்ற ஒன்று இருந்தது. ஆனால் அது பொய். நாலு புகைபோக்கி உள்ள பிரிட்டிஷ் கப்பல் என்று தூரத்திலிருந்து நினைக்கட்டும் என மரச்சட்டத்தில் துணி சுற்றி எழுப்பியது. அக்டோபர் 28 அன்று மலேயாவின் பினாங்குத் துறைமுகத்துக்குள் அந்த வேஷத்தோடு நுழைந்துதான் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தார்கள். பன்னிரண்டே நாளில், நவம்பர் 9 அன்று, இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் எம்டனே அடிபட்டுப் பாறையில் ஏறியது வேறு கதை.

அடுத்த முறை படம் போடும்போது மூன்றே போடச் சொல்லுங்கள். பினாங்கு பற்றி எழுதுவதானால் நாலு போடலாம். நானும் பழைய வேட்டித் துணியில் ஒன்று செய்து, கழற்றி மாட்டுகிற மாதிரிதான் வைத்திருக்கிறேன்.

– ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
ராயபுரம், சென்னை