கிணற்றடித் தென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன ஞாயிறு வீடியோ காலில், முதுநகரில் வாங்கிவந்த கொடுவாவை அம்மா தூக்கிக் காட்டியதும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கேஸ் டிரபிள் என்றாய். மீன் குழம்புக்காகப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவள் நீ. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் சொல்ல வேண்டாம்.

ஆனால் டாக்டரிடம் போகும்போது உன் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடு. கிணற்றடித் தென்னை யாருக்காக வைத்தது என்று உனக்குத் தெரியும். அவனுக்கு என்ன ஆயிற்று என்றுதான் தெரியாது.

பிளஸ் டூவில் நரம்புக் குழல் படம் வரைந்தாயே, அது நான் கரும்பலகையில் போடுவதைவிட நன்றாக இருந்தது. அந்த நோட்டைப் பல வருஷம் வகுப்புக்கு எடுத்துப் போயிருக்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. வாழைக்குருத்து சுருண்டிருந்து விரியும், இது விரிந்திருந்து சுருளும் என்பேன் பிள்ளைகளிடம். கரு உண்டான மூன்றாவது வாரத்தில், பின்னால் தோலாகப் போகிற அதே புறப்படையின் நடுவே ஒரு பட்டை தடிக்கும். அதன் இரண்டு ஓரமும் எழும்பி மடிந்து, கழுத்துப் பக்கம் முதலில் ஒட்டும். அங்கிருந்து மேலும் கீழுமாக ஜிப் இழுத்த மாதிரி மூடிக்கொண்டே போகும். தலைப்பக்க வாய் மூடுவது 25ஆம் நாள் வாக்கில், வால்பக்கம் 28ஆம் நாள் வாக்கில். மேல் முனை புடைத்து முன்மூளை, நடுமூளை, பின்மூளை ஆகும். கீழே நீள்வது தண்டுவடம். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரத்துக்குள் இத்தனையும் முடிந்துவிடும். டாக்டர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவதால் அவர்கள் கணக்கில் அது ஆறாவது வாரம்.

தலைப்பக்க வாய் மூடாவிட்டால் மண்டை ஓடும் மூளையும் சரியாக உருவாகாது. உன் அண்ணனுக்கு அதுதான். ஏழாம் மாதமே பிறந்தான், மார்கழியில்.

1995 அக்டோபர் 24, சூரிய கிரகணம். அன்றைக்கு உன் அம்மா அருவாமனையில் புடலங்காய் நறுக்கினாள். அதனால்தான் பிள்ளை இப்படி என்று ஆயா சொன்னாள். தெருவே சொன்னது. கிரகணத்தன்று அம்மாவுக்கு ஐந்தாம் மாதம். மூட வேண்டிய குழல் அதற்கு மூன்று மாதம் முன்பே மூடாமல் நின்றுவிட்டது. விலங்கியல் வாத்தியாருக்கு இது தெரியாதா? தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஆயா மனசு நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா மனசு? இன்றைக்கும் கிரகணம் என்றால் அருவாமனையைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிடுகிறாள். நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரை இதை எவ்வளவு தடுக்கும் என்று 1991லேயே இங்கிலாந்திலிருந்து ஆய்வு வந்துவிட்டது. முன்பு ஒரு பிள்ளைக்கு இப்படி ஆன தாய்மார்களிடம், மறுபடி வருவதை 72 சதவீதம் குறைத்தது. எல்லாவற்றையும் தடுக்காது, உண்மைதான். ஆனால் அதைக் கரு உண்டாவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே போட வேண்டும். உன் கல்யாணம் ஆனதுமே நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா எதிரில் அந்தப் பேச்சை எடுக்கத் தைரியம் வரவில்லை. இப்போது கொடுவாவைப் பார்த்து நாள் எண்ணுகிறேன்.

பொதுவாகக் கொடுப்பது 400 மைக்ரோகிராம். நம் மாதிரிக் குடும்பத்துக்கு டாக்டர் கூடுதலாக எழுதலாம், நீயாகக் கூட்டிப் போடாதே. 18லிருந்து 20 வாரத்துக்குள் ஸ்கேனைத் தவறவிடாதே. அண்ணனைப் பற்றிச் சொல். மறைக்காதே, சொல். நான் வீணாகப் பயப்படுகிறேன் என்றால், நல்லது, சிரித்துவிட்டுப் போ. ஆனால் மூன்று வாரமாக "பிஸிப்பா, பிஸிப்பா" என்று மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்பலாம் என்று இதை நாலு நாளாக மேசைமேலேயே வைத்திருந்தேன். "யாருக்குங்க லெட்டர்?" என்று நேற்று கேட்டாள். பென்ஷன் விஷயம் என்றேன்.