கொட்டாஞ்சேனையிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். முழங்கால் வலி வழக்கம் போல. உன் கூட்டாளி சிஸ்டர் ஞாயிறு பூசைக்கு வந்திருந்தார், அவரிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். எப்படியும் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். எங்கே வைத்துக் கொடுப்பார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சாப்பாட்டைக் கவனி. வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வகுப்புக்கு ஓடுகிற பழக்கம் இன்னும் இருந்தால் விட்டுவிடு.

பங்குச் சுவாமி எனக்கு ஒரு வேலை தந்திருக்கிறார். பங்கு மலருக்கு நம்மூர்க் கன்னியாஸ்திரிகளையும் அவர்களுடைய பள்ளிக்கூடங்களையும் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். "சிஸ்டரின் அம்மா எழுதினால்தானே பொருத்தம்" என்றார். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவளுக்கு இரண்டு பக்கம் பெரிய காரியமா? ஆனால் மூன்று வாரமாக எழுதுகிறேன், முடிந்தபாடில்லை.

1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்ததில் தொடங்கினேன். அம்மம்மாவின் போர்டிங் கதைகள் உனக்குத் தெரியும், அதெல்லாம் இங்கே வேண்டாம். கொழும்புக்கு நல்லாயன் கன்னியர் வந்தது 1869இல். லூசியா பேராலயத்துக்குக் கிட்ட, நாம் தினமும் கடந்துபோன அந்த மதில்தான். அவர்களின் சபையை 1835இல் பிரான்சில் ஆஞ்ஜே நகரத்தில் தொடங்கிய புனித மரிய யுப்ராசியா 1868இல் தான் இறந்திருக்கிறார். தாயைப் புதைத்த ஈரம் காயுமுன்னே பிள்ளைகள் கடல் கடந்து கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டார்கள். மொழி தெரியாது, வெயில் பழக்கமில்லை, மேலே அந்தக் கனத்த வெள்ளை உடுப்பு. யாருடைய பிள்ளைகளோ. வீட்டில் இருந்த தாய்மாருக்கு ஒரு கடிதம் போய்ச்சேர எத்தனை மாதம் எடுத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே அன்றைக்கு அடுப்பில் பருப்பைக் கரியவிட்டேன்.

யுப்ராசியாவும் ஒரு தீவில் பிறந்தவர்தான். போர்டிங்கில் இருந்தபோதுதான் அவருக்குத் தாய் இறந்த செய்தி வந்ததாம். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன், அன்றைக்கு மேலே வாசிக்கவில்லை.

ஒன்று எனக்கே புதிதாக இருந்தது. இத்தனை வருடமாக அவர்களைப் பள்ளிக்கூடக்காரர்கள் என்றே நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சபை தொடங்கியதே போக்கிடமில்லாத பெண்களுக்காக. வீட்டில் சேர்க்காத பெண்கள், தெருவில் நின்ற பெண்கள், அவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காக. மற்றக் கன்னியர் கடவுளுக்கு மூன்று வார்த்தைப்பாடு கொடுக்க, இவர்கள் ஆன்மாக்களுக்காக உழைப்பதென்று நாலாவதும் கொடுக்கிறார்கள்.

அந்தக் கதவு எல்லா இடத்திலும் நல்ல கதவாக இருக்கவில்லை. அயர்லாந்தில் இவர்களும் வேறு சபைகளும் நடத்திய மக்தலேனா சலவைக்கூடங்களில் பெண்களை வெளியே விடாமல் சம்பளமில்லாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள். 2013இல் அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இதையும் எழுதினேன். சுவாமி வெட்டுவார் என்று நினைக்கிறேன், வெட்டட்டும். உள்ளே போக மட்டும் திறக்கிற கதவைக் கதவு என்று சொல்ல முடியாது என்று எழுதிவிட்டு, அந்த வரியைப் பார்த்தபடியே வெகுநேரம் இருந்தேன்.

அப்புறம் 1960. அரசாங்கத்திடம் உதவிக் காசு பெற்றுவந்த பள்ளிக்கூடங்களை அரசாங்கமே கையேற்றது. பெரிய பள்ளிக்கூடங்கள் சில தனியாகவே நிற்பதென்று முடிவெடுத்தன. ஆனால் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது, அரசாங்கத்துக் காசும் கிடையாது. சிஸ்டர்மார் சம்பளமில்லாமல் படிப்பித்துத்தான் அவற்றை மூடாமல் காப்பாற்றினார்கள். பள்ளிக்கூடங்களைக் கொடுக்க மாட்டோமென்று பெற்றோர் அவற்றுக்குள்ளேயே போய் இரவு பகலாகக் குந்தியிருந்தார்கள். அம்மம்மா ஐந்து வயதான என்னையும் பாயில் சுருட்டிக் கொண்டுபோய் வகுப்பறையில் படுக்க வைத்தாராம். எனக்கு நினைவில் இருப்பது மேசைக்கு அடியிலிருந்து பார்த்த ஒரு வெள்ளை உடுப்பின் கரை மட்டும்தான். சுற்றிவர ஓடி ஓடித் தைத்திருந்தது, ஓரிடத்தில் நூல் வேறு நிறம். பாண் துண்டு கொண்டுவந்து தந்தவர் யாரென்று இன்றைக்கும் தெரியாது. நீ வெள்ளை உடுத்த முதல் நாள் அந்தக் கரைதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் பிள்ளையும் அந்த வரிசையில் நிற்கிறாள் என்று நெஞ்சு நிறைந்தது.

ஒரு கடிதம் போட உனக்கு அரை மணித்தியாலம் கிடைக்கவில்லையா? கார்த்திகையிலிருந்து ஒரு வரி இல்லை. அப்பா ஒவ்வொரு நாளும் கேற்றடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். தம்பியின் விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை எழுதி என்ன. சாப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

நத்தாருக்குத் தைத்து அனுப்பின உள்பாவாடைப் பார்சல் திரும்பி வந்தது. மேலே யாரோ நீலப் பேனையால் "இந்த மடத்தில் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். நான் பிரிக்கவில்லை. அப்பாவுக்குத் தபாலில் பிழை நடந்துவிட்டதென்று சொல்லி அலுமாரியில் வைத்திருக்கிறேன். இடமாற்றமாக இருக்கும். இடமாற்றம்தானே?

கட்டுரைக்காகத் திருச்சபைச் சட்டமும் கொஞ்சம் வாசித்தேன். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த ஒருவர்கூட, பாரதூரமான காரணம் இருந்தால், சபைத் தலைவியின் அனுமதியோடு ஐந்து வருடம் வரை மடத்துக்கு வெளியே இருக்கலாமாம். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பலருக்குச் சொல்லியிருக்கலாம். சும்மா எழுதுகிறேன்.

சும்மா இல்லை மகள்.

நீ முதல் வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முந்தின கிழமை உன்னைப் பார்க்க வந்தோம். அப்பா தோட்டத்தில் மதரோடு கதைத்துக்கொண்டு நின்றார். பார்லரில் நீயும் நானும் மட்டும். தட்டில் இருந்த கேக்கை நீ தொடவில்லை. மேசைவிரிப்பின் ஓரத்து நூலை இழுத்து இழுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாய். விரல் நுனி வெளுத்துவிட்டது. அப்போதுதான் கேட்டாய், "அம்மா, நான் வீட்டுக்கு வரட்டா?" என்று.

நான் ஏன் என்று கேட்கவில்லை. கார்ட் அடித்துக் கொடுத்தாயிற்று, ஹோலுக்குக் காசு கட்டியாயிற்று, சனம் என்ன சொல்லும் என்று கேட்டேன். விரிப்பைப் பழுதாக்காதே என்று உன் கையைத் தட்டியும் விட்டேன். நீ உடனே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பிள்ளைக்கு மனம் தெளிந்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொன்னேன்.

உண்மையைச் சொல்கிறேன். கோயிலில் முன்வரிசையில் எனக்கு இடம் விட்டார்கள். மீன்காரர்கூட "சிஸ்டரின் அம்மா" என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அந்தப் பேர் வேண்டியிருந்தது. உன் அழைத்தலை விட எனக்கு அது வேண்டியிருந்தது. இத்தனை வருடமும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொல்லவில்லை.

நீ அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்ததெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. உன்னிடம் படித்த பிள்ளை ஒன்று போன மாதம் பஸ்ஸில் என்னைக் கண்டு எழும்பி இடம் தந்தது, உன்னைப் பற்றி முகத்துவாரம் வரைக்கும் கதைத்துக்கொண்டு வந்தது. நீ நல்ல சிஸ்டர். அங்கேயே இருக்கப் போகிறாய் என்றாலும் எனக்குச் சந்தோஷம். வேறு ஏதும் என்றாலும், நீ எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சின்னம்மா வீட்டுக்காரர் கேட்டால் நான் பார்த்துக்கொள்வேன்.

முன் அறைக் கட்டிலுக்குப் புது மெத்தை போட்டிருக்கிறோம். அப்பா ஏன் என்று கேட்டார், பழையது பள்ளம் விழுந்துவிட்டது என்றேன். கேற்றுப் பூட்டையும் மாற்றினோம். மற்றத் திறப்பு இந்தக் கடித உறைக்குள் இருக்கிறது, கீழே விழுத்திவிடாதே.

கட்டுரையை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு தடவை போன் எடு. இரவு எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் முழித்துத்தான் இருப்பேன். சாப்பிட்டுவிட்டு எடு.

அம்மா